டாக்சிசைக்ளின் போட்டதும் ஏன் படுக்கக் கூடாது?

நெல்லிக்கனி:
ஒருவகைச் சிறு உண்ணி கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி. கேப்சூல் காலை ஒன்று, இரவு ஒன்று எழுதுகிறார்கள். இரவு போட்டதும் படுக்காதீர்கள் என்கிறார்களே, ஏன்? வயிற்றில் கரைகிற மருந்து உணவுக்குழாயை எப்படிப் புண்ணாக்கும்? இரண்டு மிடறு தண்ணீர் போதாதா?

மருந்துப்பெட்டி:
போதவே போதாது. உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம், எல்லா இடத்திலும் ஒரே அகலம் இல்லை. நடுநெஞ்சில் பெருந்தமனி வளைவும் இடது மூச்சுக்கிளையும் அதை அழுத்துகின்றன. கேப்சூல் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். நனைந்த ஜெலட்டின் உறை விரலில் எப்படிப் பிசுபிசுவென்று ஒட்டுமோ, உள்சுவரிலும் அப்படியே ஒட்டும். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் வெகுவாகக் குறைந்துவிடுவதால் அதைக் கழுவித் தள்ள எதுவும் இல்லை. டாக்சிசைக்ளின் கரைந்தால் அமிலத்தன்மை அதிகம். வயிற்றுக்கு இருக்கும் கெட்டியான சளிக்காப்பு உணவுக்குழாய்க்குக் கிடையாது, வெந்துவிடும்.

முதலில் ஒரு மிடறு குடித்துத் தொண்டையை நனையுங்கள். கேப்சூல் தண்ணீரில் மிதக்கும். அண்ணாந்தால் வாயின் முன்பக்கமே நின்றுவிடும். தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்குங்கள். பின்னாலேயே ஒரு டம்ளர், 200 மி.லி. தண்ணீர். அரைமணி நேரமாவது நிமிர்ந்து உட்காருங்கள். இரவு வேளையைச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பால், இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கூடவே வேண்டாம். மருந்து உடலில் சேர்வது குறையும்.

நெல்லிக்கனி:
நன்றி. ஏற்கெனவே வலி வந்துவிட்டால்?

உள்நோக்கி:
எச்சில் விழுங்கினால்கூட நடுநெஞ்சில் சுருக்கென்று குத்துவதுதான் இதன் அடையாளம். எண்டோஸ்கோப்பியில் எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு புண்கள் தெரியும், சுற்றிலும் சுவர் நலமாக இருக்கும். ஆனால் எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி தேவையில்லை. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். அதுவரை ஆறிய கஞ்சி, மோர். காரம், சூடு வேண்டாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் புண்ணின்மேல் படிந்து காக்கும் சுக்ரால்ஃபேட் சிரப்பும் மருத்துவர் தருவார். டாக்சிசைக்ளினை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்க்ரப் டைபஸ் விளையாட்டல்ல. அசித்ரோமைசின் என்ற வேறு ஆன்டிபயாடிக்குக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

எச்சிலே இறங்கவில்லை, இரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம் என்றால் உடனே மருத்துவமனை. வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் 'மாத்திரைப் புண்தான்' என்று இருந்துவிடாதீர்கள், மாரடைப்பாகவும் இருக்கலாம், முதலில் ஈ.சி.ஜி.

மருந்துப்பெட்டி:
வீட்டுப் பெரியவர்களுக்காக ஒன்று: எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலெண்ட்ரோனேட்டும் இப்படியே புண்ணாக்கும். காலை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மட்டும். அரைமணி கழித்து ஏதாவது சாப்பிட்ட பிறகே சாயலாம்.