டிஎன்எஃப்-ஆல்ஃபா மூணாவது வாரமே செத்துப்போச்சு, எங்க தப்பு பண்ணேன்?

ரெண்டாம்வருஷ மாணவி:
அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். ஏ549 நுரையீரல் செல்லுல ரீகாம்பினன்ட் ஹியூமன் டிஎன்எஃப்-ஆல்ஃபா (அழற்சியத் தூண்டற சிக்னல் புரதம்) மில்லிக்கு 10 நானோகிராம் போட்டு, 24 மணி நேரம் கழிச்சு மீடியத்த எடுத்து, செல் அதுக்குப் பதிலா விடற ஐஎல்-8 புரதத்துக்கு எலைசா (நிறத்த வெச்சு அளக்கற டெஸ்ட்) பண்றேன். முதல் வாரம் நல்ல மஞ்சள் வந்துச்சு. இப்ப டிஎன்எஃப் போடாத கன்ட்ரோலும் போட்டதும் ஒரே நிறம். செல் புதுசா உருக்கினது, மைக்கோபிளாஸ்மா தொற்றும் இல்ல.

10 மைக்ரோகிராம் வயல் அது. கணக்கு சுலபம்னு 1 மில்லி பிபிஎஸ்ல (உப்பு பஃபர்) கரைச்சேன். அதே ட்யூபை மைனஸ் 20ல வெச்சு, இதுவரை ஆறு தடவ உருக்கி எடுத்திருக்கேன். வயலே மோசம், கம்பெனிக்கு எழுதுன்னு கைடு சொல்றார். இன்னொரு வயலுக்குப் பணம் கேக்கவே பயமா இருக்கு.

செல்கல்ச்சர்அக்கா:
கம்பெனிக்கு இப்ப எழுதாதம்மா. மில்லிக்கு 10 மைக்ரோகிராம்ங்கறது ரொம்ப நீர்த்த கரைசல். அதுல பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) மாதிரி வேற புரதமும் இல்லன்னா டிஎன்எஃப் ட்யூப் சுவர்லயே ஒட்டிக்கும். நீ பிப்பெட்ல எடுக்கறது பெரும்பாலும் வெறும் பிபிஎஸ்தான். 17 கிலோடால்டன் துண்டு மூணு சேர்ந்த ட்ரைமராத்தான் அது ரிசெப்டர்ல உக்காரும். ரொம்ப நீர்த்துப்போனா அந்த மூணும் மெல்லப் பிரியும். ஆறு தடவ உறைய வெச்சு உருக்கினா மிச்சமும் போயிடும். மைனஸ் 20 ஃப்ராஸ்ட்-ஃப்ரீயா இருந்தா இன்னும் மோசம், ஐஸ் கரைக்க அது தானாவே அடிக்கடி சூடேறும்.

அடுத்த வயலத் திறக்கறதுக்கு முன்னாடி கட்டாயம் சென்ட்ரிஃப்யூஜ்ல ஸ்பின் பண்ணு. பவுடர் கண்ணுக்கே தெரியாது, மூடியில ஒட்டியிருக்கும். டேட்டாஷீட் சொல்ற திரவத்துல 100 மைக்ரோலிட்டர் விட்டுக் கரை. மில்லிக்கு 100 மைக்ரோகிராம் வரும். வோர்டெக்ஸ் வேண்டாம், நுரை வந்தா புரதம் கெடும். ஸ்டெரைல் பிஎஸ்ஏ 0.1 சதவீதம் இருக்கட்டும். 10 மைக்ரோலிட்டரா லோ-பைண்ட் ட்யூப்ல பிரிச்சு மைனஸ் 80. உருக்கினத மறுபடி உறைய வெக்காத. அதுலேர்ந்து மில்லிக்கு 10 நானோகிராமுக்குப் பத்தாயிரம் மடங்கு நீர்க்கணும், அந்த நடு ஸ்டெப்பும் சீரம் இருக்கற மீடியத்துலதான்.

வேலை செய்யுதான்னு பாக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டாம். 15 நிமிஷத்துல செல்ல லைஸ் பண்ணி (உடைச்சு) ஐகப்பாபி-ஆல்ஃபாவுக்கு (டிஎன்எஃப் சிக்னல் வந்ததும் செல் சிதைக்கற புரதம்) வெஸ்டர்ன் பிளாட் ஓட்டு. டிஎன்எஃப் உயிரோட இருந்தா பேண்ட் மறையும், ஒரு மணி நேரத்துல திரும்ப வரும்.

மேக்ரோபேஜ்காரன்:
அக்கா சொன்னதுதான். ஒண்ணு மட்டும் சேக்கறேன். இது ஈகோலை பாக்டீரியால பண்ண புரதம், எண்டோடாக்சின் (அந்த பாக்டீரியாவோட நச்சு) துளி இருந்தாலும் டிஹெச்பி-1 (மோனோசைட்) மாதிரி செல் அதுக்கே ஐஎல்-8 கக்கும். யாராவது அந்த செல்லுல போட்டா, கொஞ்சம் டிஎன்எஃப்ப கொதிக்க வெச்சு கன்ட்ரோலா வெக்கச் சொல்லுங்க. புரதம் செத்துடும், எண்டோடாக்சின் சாகாது. எலி செல்லுலயும் கவனம். மனுஷ டிஎன்எஃப் எலியோட முதல் ரிசெப்டர்ல உக்காரும், ரெண்டாவதுல உக்காராது. எல்929 (எலி ஃபைப்ரோபிளாஸ்ட்) டெஸ்ட்ல வேலை செஞ்சதுன்னு, ரெண்டாவது ரிசெப்டர நம்பற எலி டி-செல்லுக்குக் கொண்டுபோனா ஏமாந்துடுவீங்க.

ரெண்டாம்வருஷ மாணவி:
அக்கா, பக்கத்து லேப்ல அதே லாட் நம்பர் வயல் ஒண்ணு கடனா குடுத்தாங்க. நீங்க சொன்னபடி கரைச்சேன். பழைய ட்யூப் போட்ட செல்லுல 15 நிமிஷத்துல பேண்ட் கன்ட்ரோல் மாதிரியே இருக்கு, புதுசுல சுத்தமா இல்ல. ஒரு மணி நேரத்துல திரும்ப வந்துடுச்சு. கைடுகிட்ட பிளாட்டைக் காட்டிட்டேன், கம்பெனிக்கு எழுதல. ஒன்பது ட்யூப் மைனஸ் 80ல இருக்கு, ஒவ்வொண்ணுலயும் தேதி எழுதியிருக்கேன்.