மூடிய ஆலையில் கிடக்கும் கதிர்வீச்சுக் கருவிக்கு யார் பொறுப்பு?

பேட்டைக்காரன்:
திருநெல்வேலி பேட்டையில் என் மைத்துனர் பழைய இரும்புக் கடை நடத்துகிறார். மூடப்பட்ட ஓர் ஆலையின் எந்திரங்களுக்கு விலை பேசச் சென்றவர், ஒரு தொட்டியின் பக்கவாட்டில் பொருத்தியிருந்த கனத்த பெட்டியில் கதிர்வீச்சு எச்சரிக்கைச் சின்னத்தைப் பார்த்திருக்கிறார். ஆலைக் காவலாளியோ எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் விலை என்கிறார். அதைப் பத்திரப்படுத்த வேண்டியவர் பழைய முதலாளியா, ஆலையை ஏலத்தில் எடுத்தவரா, நாங்களா? கூடங்குளத்தில் ஒப்படைத்துவிடலாமா?

தாமிரபரணிக் கரை:
அண்ணாச்சி, அந்தப் பெட்டியை யாரும் கழற்ற வேண்டாம் என்று முதலில் மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள். தொட்டியில் சரக்கின் மட்டம் அளக்கும் கருவியாக இருக்கலாம். இவற்றில் பெரும்பாலும் சீசியம்-137 அல்லது கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். இதைத்தான் ‘மூலம்’ என்பார்கள். சீசியத்தின் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 30 ஆண்டுகள் என்பதால், ஆலை பத்தாண்டு பூட்டிக் கிடந்தாலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வீரியம் மிஞ்சியிருக்கும்.

2004-ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகளின்படி, மூலத்தை வைத்திருக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் உரிமம் பெற்றவரே அதற்குப் பொறுப்பு. பயன்பாடு முடிந்ததும் அதைத் தயாரிப்பாளரிடமோ அனுமதி பெற்ற கழிவு நிலையத்திடமோ முறைப்படி சேர்க்க வேண்டியதும் அவர்தான். உற்பத்தியை நிறுத்தியதாலேயே அந்தக் கடமை தீர்ந்துவிடாது. இரும்போடு இரும்பாக எடை போட்டு விற்பதற்கு அவருக்கு உரிமையே இல்லை. கூடங்குளம் மின் உற்பத்தி செய்யும் இடம், இதை ஒப்படைக்கும் இடம் அல்ல. நீங்களே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது.

பாளை வாத்தியார்:
சட்டம் சரிதான், ஆனால் காகிதத்தோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். 1985-க்குப் பிறகு பயன்படாமல் கிடந்த கோபால்ட்-60 கருவியை டெல்லிப் பல்கலைக்கழகம் 2010 பிப்ரவரியில் ஏலத்தில் விற்றது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தவர்களில் பலர் கதிர்வீச்சுக்கு ஆளாகி, ஒருவர் இறந்தார். உரிமையாளர் யாரென்று அங்கே ஐயமே இல்லை, படித்தவர்கள் நிறைந்த இடம் வேறு. இருந்தும் அந்தத் தவறுக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர் கூலித் தொழிலாளி. முதலாளி திவாலாகிவிட்டால் என்ன செய்வது? சர்வதேச அணுசக்தி முகமை 2003-இல் ஏற்ற நடத்தை நெறி, ஆதரவற்ற மூலங்களை, அதாவது யார் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் கிடப்பவற்றை, மீட்கும் ஏற்பாடு ஒவ்வொரு நாட்டிடமும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே கைவிடப்பட்ட மூலத்துக்கு இறுதியில் அரசே பொறுப்பேற்க வேண்டும் என்பது என் கருத்து.

பேட்டைக்காரன்:
அப்படியானால் இப்போது யாரிடம் சொல்வது?

தாமிரபரணிக் கரை:
காவல் நிலையத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள். மாவட்டப் பேரிடர் மேலாண்மைக்கு ஆட்சியரே தலைவர். ஒழுங்குமுறை வாரியத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். சின்னத்தருகே பெயர்ப்பலகையில் வரிசை எண் இருந்தால், நெருங்காமல் தூரத்திலிருந்து படம் எடுத்து இணையுங்கள். உரிமம் யார் பெயரில் உள்ளது என்பதை அதைக் கொண்டு அவர்கள் தேட முடியும். அதுவரை அந்த ஆலைச் சரக்குக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.