'ஓபன் தி லைட்': பேச்சில் எப்படித் திருத்துவது?

சீனாவின் செங்டு நகரில், சீன மொழி பேசும் 11 பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். 6 வாரமாக 'ஓபன்' என்ற ஒரே சொல்லில் வகுப்பு சிக்கி நிற்கிறது. விளக்கைப் போட 'டர்ன் ஆன் தி லைட்' என்பதற்குப் பதில் "ஓபன் தி லைட்" என்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. கதவைத் திறக்க, விளக்கைப் போட, கார் ஓட்ட, கூட்டம் நடத்த, எல்லாவற்றுக்கும் சீனத்தில் 'கை' என்று ஒலிக்கும் ஒரே வினை. (நாமும் விளக்கைப் 'போடுகிறவர்கள்'தானே!)

படங்கள் காட்டினேன். தொடர்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். எழுத்தில் சரி, பேச்சில் பழைய கதை. மின்சாரம் என்றால் 'டர்ன் ஆன்' என்று விதி சொன்னேன். மின்சாரமே இல்லாத தண்ணீர்க் குழாய்க்கும் 'டர்ன் ஆன்'தான் என்பது அந்த விதியை உடைத்துவிட்டது. கணினிக் கோப்புக்கோ மறுபடியும் 'ஓபன்'. ஒரு மாணவர் சிரித்தேவிட்டார்.

பேச்சில் இந்தப் பழக்கத்தை மாற்ற உங்களுக்குப் பலன் தந்த பயிற்சி எது?