சாரலுக்கு முன்னால காருக்கு என்ன செய்யலாம் அண்ணாச்சிமாரே?

நமக்கு ஊரு செங்கோட்டை. வேலைக்காக வாரத்துல மூணு நாள் புளியரை, ஆரியங்காவு தாண்டித் தென்மலை வரை போய்வரணும். வண்டி ஏழு வருஷப் பழசு, வெள்ளைக் கலர்.

சித்திரை, வைகாசியில கவலை இல்ல. தூசிதான். ரெண்டு வாளி தண்ணி, கார் ஷாம்பு, நிழல்ல நிறுத்தித் துடைச்சா முடிஞ்சுது. வேப்பமரத்துப் பிசுக்குக்கு மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்டணும்.

ஆனியில சாரல் புடிச்சதும்தான் வினையே. போன வருஷம் கல்யாண வீட்டுக்குப் போயிட்டு நாலு நாள் கழிச்சுக் கதவைத் தொறந்தா, ஸ்டீரிங், சீட் பெல்ட் எல்லாம் சாம்பல் பூத்தாப்ல பூஞ்சை. கால்மிதியைத் தூக்கினா கார்ப்பெட் சொதசொதன்னு கிடக்கு. கடைசியில பாத்தா, வைப்பருக்குக் கீழ இருக்க வடிகால் ஓட்டையைப் புளிய இலை அடைச்சிருக்கு! கம்பி விட்டுக் கிண்டி எடுத்தேன். இப்போ வீடு சேர அஞ்சு நிமிஷம் முன்னாலயே ஏசியை அணைச்சு ஃபேனை மட்டும் ஓட விடுதேன், வாடை குறைஞ்சிருக்கு.

இப்போ கேள்வி இதான். சக்கர வளைவுக்குள்ள செம்மண் அப்பி, அடியில லேசாத் துரு. கடைக்காரர் அப்படியே மேல கோட்டிங் அடிச்சிரலாம்ங்காரு. சுரண்டாம அடிச்சா உள்ளுக்குள்ளயே அரிக்காதா? எனக்கு மனசு ஒப்பல. அடிச்சுப் பாத்தவங்க சொல்லுங்க.

பெயின்ட்டுக்குச் சாரலுக்கு முன்ன ஒரு வாக்ஸ், ஐப்பசி மழைக்கு முன்ன ஒண்ணு போதுமா, இல்ல பெயின்ட் மேல பூசுற செராமிக் கோட்டிங்குக்குக் காசு போடலாமா? புனலூர், பாலக்காடு பக்கம் ஓட்டுறவங்க அனுபவம்னா ரொம்ப நல்லது. ஆனி பிறக்க இன்னும் மூணு வாரம்தான் இருக்கு.