பனியில் கேட்ட சங்கும் சேகண்டியும்

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். ஒரு போகி விடியற்காலை. ஊரெல்லாம் கொளுத்திய புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து கடல் மேல் படுத்துக் கிடந்தன. மாமாவின் 30 அடி ஃபைபர் படகில் மூன்று பேர் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார்ந்திருந்த எனக்கு, பின்னால் இன்ஜின் பிடித்திருந்த மாமாவின் முகமே தெரியவில்லை. இன்ஜினை நிறுத்தினார். “பேசாம இருங்கடா” என்றார்.

மணிச் சத்தம். ஐந்து விநாடி கணகணவென்று அடித்து ஓய்ந்தது. உடனே கொஞ்சம் தள்ளி சேகண்டி. ஒரு நிமிடம் கழித்து மறுபடி அதே. கோயில் பக்கம் ஒதுங்கிவிட்டோமோ என்று நினைத்தேன். மாமா சில வருடம் கப்பலில் வேலை பார்த்தவர். “முன்னாடி மணி, பின்னாடி சேகண்டி. 100 மீட்டருக்குக் குறையாத கப்பல், நங்கூரத்துல நிக்குது. அது நம்மள ஒண்ணும் பண்ணாது.”

அடுத்த சத்தத்தில்தான் வயிறு கலங்கியது. நீளமாக ஒரு சங்கு, ஹாரனைத்தான் சொல்கிறேன். இரண்டு நிமிடம் போல விட்டு மறுபடி, இன்னும் கிட்டத்தில். ஓடிவரும் படகு அது. எங்களிடம் விசில்கூட இல்லை. சோற்றுக் குண்டானைக் கரண்டியால் கை வலிக்க அடித்தேன். ஒரு விசைப்படகு உரசாத குறையாகப் போனது. அதன் அலையில் ஐஸ் பெட்டி கவிழ்ந்தது. 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்குச் சங்கு கட்டாயமில்லையாம், ஆனால் நன்றாகக் கேட்கிற மாதிரி ஏதாவது ஒன்று இருக்கணுமாம். குண்டானைச் சட்டம் ஒத்துக்கொள்ளுமா என்றேன். மாமா முறைத்தார்.

* * *

சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி நான். காசிமேட்டுக்காரர் அடித்த அந்தக் குண்டான் எங்களுக்குக் கேட்டே இருக்காது. 200 மீட்டர் கப்பலின் சங்கு 2 கடல் மைல் தூரம் கேட்க வேண்டும். 20 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு அரை மைல் போதும். அரை மைலுக்குள் எங்களால் கப்பலை நிறுத்த முடியாது, அது வேறு விஷயம்.

நல்ல வெயிலில் நடந்த கூத்து ஒன்று. குறுக்கே வந்த ஃபைபருக்கு ஐந்து குறுஞ்சங்கு, அதாவது குட்டிக் குட்டியாக ஐந்து ஹாரன், விடாமல் ஊதினேன். ‘நீ என்ன செய்யப்போகிறாய், புரியவில்லை’ என்று அதற்கு அர்த்தம். படகில் இருந்தவர்கள் எழுந்து நின்று சிரித்துக் கையசைத்தார்கள். சரி என்று ஒரு குறுஞ்சங்கு கொடுத்து நானே வலப்பக்கம் திருப்பினேன். அதற்கும் கையசைத்தார்கள்.

* * *

என்னுடையது 18 மீட்டர் விசைப்படகு. முன்பு 12 மீட்டரிலிருந்தே மணி கட்டாயம். 2003 நவம்பரில் அது 20 மீட்டர் ஆனது. ஆனாலும் பழைய மணியை நான் கழற்றவில்லை. போன தையில் பனி, வலை கடலுக்குள், ஒரு நெடுஞ்சங்கும் இரண்டு குறுஞ்சங்கும் ஊத வேண்டிய நேரம். உப்பு அரித்து ஹாரன் ஊமையாகிவிட்டது. மணியை அடித்தால் நங்கூரத்தில் நிற்கிறோம் என்று நினைத்துவிடுவார்கள். அப்புறம் வாய் விசில்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஊதி ஊதிப் பையனுக்குத் தலை சுற்றிவிட்டது.