மறுமொழி: 'ஃபிப்' கவிதைக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

'ஃபிபனாச்சிப்பா' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நேற்று ஒருவர் பேச்சை முடிக்கப் பார்த்தார், எனக்கு ஒப்பவில்லை. 2006 ஏப்ரலில் அமெரிக்கர் கிரெகரி பின்கஸ் தன் வலைப்பதிவில் பரப்பிய வடிவம் இது. ஆறு வரி, சிலபிள் கணக்கு 1, 1, 2, 3, 5, 8, மொத்தம் 20, அவ்வளவுதான் விதி. சிலபிள் என்றால் ஒரே வீச்சில் ஒலிக்கும் ஒலித்துண்டு. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் இந்த எண்வரிசைக்கு இத்தாலியக் கணிதர் ஃபிபனாச்சியின் பெயர். ஆனால் அந்த எண்வரிசை நம் பக்கத்து யாப்புக்காரர்கள் கையில் முன்பே இருந்ததுதானே. குறிலும் நெடிலுமாக ஒரு அடியின் மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று கணக்குப் போட்ட சமண அறிஞர் ஹேமசந்திரர் 12ஆம் நூற்றாண்டு, ஃபிபனாச்சியின் புத்தகம் 1202.

பெயரைவிடப் பெரிய சிக்கல், எதை எண்ணுவது என்பது. சிலபிளை 'அசை' என்று பெயர்த்தால் கெட்டது. 'குளம்' நமக்கு ஒரே நிரையசை (குறிலோடு இன்னோர் உயிரெழுத்தோ உயிர்மெய்யோ சேர்ந்த அசை), ஆங்கிலக் கணக்கில் இரண்டு சிலபிள். ஒற்றெழுத்தை, அதாவது புள்ளி வைத்த மெய்யைத் தள்ளிவிட்டு எழுத்தெண்ணுவதே சரி. கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 என்று எண்ணுகிறோமே, அதே எண்ணிக்கைதான். முதல் இரண்டு வரிக்கு ஓரெழுத்துக்கு எங்கே போவது என்று பயப்பட வேண்டாம், நன்னூல் கணக்கிலேயே ஓரெழுத்தொருமொழி (ஒரே எழுத்தில் பொருள் தரும் சொல்) 42, ஒற்று போனால் தேன், கண், நாள் எல்லாம் உள்ளே வந்துவிடும். நானும் ஒன்று முயன்றேன்:

நீர்
போய்ச்
சேறும்
வெடித்து
கொக்கும் மறந்த
குளத்தில் ஒற்றைச் செருப்பு

சரி, பெயர். 'அடுக்குப்பா' வேண்டாம், எந்தக் கவிதைதான் அடுக்கு இல்லை? முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது, பெயர் அதைச் சொல்ல வேண்டும். முதலில் 'கூட்டுவரிப்பா' என்று எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன், ஜிஎஸ்டியா என்று கேட்டார்கள். ஆகவே 'கூட்டடிப்பா'. ஓரெழுத்தெல்லாம் ஓர் அடியா, பா நான்குதானே என்று புலவர் ஐயா கோபிப்பார், தெரியும். ஈழத்துக் கவிஞர் மஹாகவி, லிமெரிக் என்ற ஆங்கில வேடிக்கைப் பாட்டு வடிவத்தைக் 'குறும்பா' ஆக்கினார், ஐக்கூவுக்குத் 'துளிப்பா' வந்தது, நான்கு பாவுக்கும் ஒரு குறையும் வரவில்லை ஐயா.

எழுகூற்றிருக்கை என்ற பழைய சித்திரகவி வகையோடு சேர்த்துவிடலாமே என்றவருக்கு: அது ஒன்று, இரண்டு என்று ஏறி இறங்கும், அதுவும் எண்ணுப்பெயர்களைக் கொண்டு. இது ஏறுவதோடு சரி. 8, 5, 3, 2, 1, 1 என்று இறக்கியும் பார்த்தேன், கடைசி இரண்டு வரி தொங்கலாகவே நிற்கிறது. யாருக்காவது கைகூடினால் இங்கே போடுங்கள்.