சார்ஜர் போட்டால் லேப்டாப் ஓடுகிறது, பேட்டரி மட்டும் ஏறவில்லை

கேள்வி: 65 வாட், 19.5 வோல்ட் சார்ஜர். லேப்டாப்பில் செருகும் பின்னுக்கு நடுவில் மெல்லிய ஊசி உண்டு. பேட்டரி 34 சதவீதத்திலேயே நிற்கிறது. புது பேட்டரி வாங்கணுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீங்க. அந்த ஊசி கரண்ட் தருவதற்கு இல்லை. சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வதற்கு. ஊசி வளைந்தாலோ, செருகும் பின்னுக்கு அருகில் வயர் உள்ளுக்குள் அறுந்தாலோ தகவல் போகாது. லேப்டாப் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும், பேட்டரிக்கு ஏற்றாது. பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) அடாப்டர், அதாவது சார்ஜர், வகையைப் பாருங்க. தெரியவில்லை என்று காட்டினால் கோளாறு இந்த வழியில்தான்.

பதில்: மல்டிமீட்டரில் (வோல்ட் அளக்கும் கருவி) 19.5 வந்தாலும் சார்ஜரை நம்பிவிடாதீங்க, ஊசிக் கோளாறு அதில் தெரியாது. அதே வாட் ஒரிஜினல் சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டுங்க. அதிலும் ஏறாவிட்டால் டிசி ஜாக்கை (லேப்டாப்பில் சார்ஜர் செருகும் துளை) சந்தேகிக்கலாம். பல மாடல்களில் அது தனி கேபிள். சால்டர் இல்லாமலே மாற்றலாம்.

பதில்: பேட்டரி உப்பி டச்பேட் தூக்கியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. முதலில் கழற்றிவிடுங்க.